மத்யாகூபின் தொப்பி நேரில் ஆஜரான கதை

குத்தகைப் பத்திரத்தின் ஏழாம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: நிலத்தை விட்டுப் போகும் குத்தகைதாரர் மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மத்யாகூப் தெரிவிக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் முலாம்பழ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். நில அலுவலகத்துக்கு இதில் பெரிய மனவருத்தம்.

வயலில் இரண்டாயிரம் பழம் கிடந்தது. நாணல் வலையில் கட்டித் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தாங்குகிற ஜாதி. உறைபனி விழ இரண்டு வாரம்தான் இருந்தது. விழுந்துவிட்டால் அத்தனையும் மாட்டுக்குக்கூட ஆகாது. ஏழாம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவர் மனைவி அனாஜான் அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி பெக்சோத் நாற்காலியில் இல்லை, அவனுடைய தொப்பி இருந்தது. எங்கள் கீவா நகரப் பக்கத்தில் ஆண்பிள்ளையின் ஆட்டுத்தோல் தொப்பி இருக்கிற இடத்தில் ஆளே இருப்பதாகக் கணக்கு. சந்தையில் பழக்குவியல் மேல் தொப்பியை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், ஒரு பழத்தையும் ஒருவரும் தொடமாட்டார்கள். இந்தப் புனித மரபை பெக்சோத் ஒன்பது வருஷமாக அரசாங்க நாற்காலியில் கட்டிக்காத்து வந்தான். மதியத்துக்கு மேல்தான் தேநீர்க்கடையிலிருந்து திரும்பினான்.

"அக்கா, வாரிசுச் சான்று வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் பயிர் இருக்கிறபடியே இருக்கணும்" என்றான்.

"பழம் அழுகிடுமே தம்பி."

"அழுகாம பாத்துக்கறது உங்க கடமை."

அப்படியானால் இப்போது குத்தகைதாரர் யார் என்று கேட்டாள். ஏட்டைப் புரட்டி, மத்யாகூப்தான் என்றான். அவர் செத்துப்போய்விட்டாரே என்றாள். அது அவருடைய சொந்த விஷயம், ஏட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவரே நேரில் வந்து கேட்டால் இந்த நிமிஷமே முத்திரை குத்தித் தருகிறேன் என்றான்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். பாதி துக்கம், பாதி ஆத்திரம். வீட்டுக்குள் நுழைந்ததும், ஆணியில் தொங்கிய புருஷனின் தொப்பி கண்ணில் பட்டது. அழுகை நின்றது.

மறுநாள் பெக்சோத் தேநீர்க்கடைக்குக் கிளம்புமுன் போய், அதை அவனுக்கு எதிர் நாற்காலியில் வைத்தாள்.

"என்ன அக்கா இது?"

"நேர்ல வரச் சொன்னீங்களே. வந்திருக்காரு."

பெக்சோத் தன் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்தான். இது ஆள் இல்லை என்று சொன்னால், ஒன்பது வருஷமாகத் தன் நாற்காலியில் இருந்தது யார் என்ற கேள்வி வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு, அறுவடைக்கு அனுமதி கோருகிறீர்களா என்று தொப்பியிடம் மரியாதையாகக் கேட்டான். தொப்பி மறுத்துப் பேசவில்லை. மௌனம் சம்மதம். 'குத்தகைதாரர் நேரில் ஆஜராகி, யாதொரு ஆட்சேபமும் இன்றி' என்று எழுதி முத்திரை குத்தினான்.

கொழுந்தன் ரூசிமத்தும் ஊர்க்காரர்களும் கூடி மூன்றே நாளில் பழத்தைப் பறித்து முடித்தார்கள். வயல் நடுவே குச்சியில் மாட்டிய தொப்பி மேற்பார்வை பார்த்தது. "உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது விடியறதுக்குள்ள வயலுக்கு வந்திருக்கீங்களா? இப்ப மட்டும் வந்து நில்லுங்க" என்று அனாஜான் அதைத் திட்டினாள். திட்டி முடித்து, அதன் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அவர் இல்லாதது அப்போதுதான் அவளுக்கு நன்றாக உறைத்தது.

ஊர் ருசி கண்டுவிட்டது. வாய்க்கால் பங்கீட்டுக்குத் தொப்பியை அனுப்பினார்கள். வரி அலுவலக வரிசையில் தொப்பிகள் நின்றன. ரூசிமத் மாமியார் வீட்டு விருந்துக்கே தன் தொப்பியை அனுப்பிவைத்தான். அவர்களும் அதன் முன்னால் ஒரு தட்டு புலாவ் வைத்து உபசரித்தார்கள். வழி காட்டியவள் அனாஜான் என்று எல்லோரும் மெச்சினார்கள், அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மார்ச்சில் வாரிசுச் சான்று வந்தது. குத்தகையை அவள் பெயருக்கு மாற்ற ஊர்க்கூட்டம் கூடி ஒப்ப வேண்டும் என்றது சட்டம். உழவு நேரத்தில் யார் வருவார்கள்? பெஞ்சுகளில் நாற்பது தொப்பிகள் அமைதியாக வீற்றிருந்தன. பெக்சோத் மட்டும் அன்றைக்குத் தன் தொப்பிக்கு அடியில் தானே வந்திருந்தான்.

"மத்யாகூப் நிலத்தை என் மச்சானுக்குக் குத்தகை விடறதா தீர்மானம். ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்" என்றான்.

"எனக்கு இருக்கு" என்றாள் அனாஜான்.

அவன் நேர்மையாகக் குறித்துக்கொண்டான். பிறகு பெஞ்சுகளைப் பார்த்து, முறைப்படி மூன்று தடவை கேட்டான். முறைப்படியே காத்திருந்தான்.

"ஒண்ணு ஆட்சேபம், நாற்பது சம்மதம்."

"அதெல்லாம் வெறும் தொப்பி தம்பி."

"போன அறுவடைக்கு அப்படிச் சொல்லலையே அக்கா."

அனாஜான் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். சம்மதித்த நாற்பதில் முதல் வரிசையில் இருந்தது மத்யாகூபின் தொப்பி. துணைக்கு இருக்கட்டுமென்று காலையில் தூசி தட்டி, அவளேதான் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தாள்.