நீலக் கேக்கும் பென்சில்வேனியா மச்சானும்

எனக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் வோட்டு இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஆடிய கூத்தைக் கேட்டுவிட்டு, "இந்த மனிசனுக்கு இதிலை என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்கக்கூடாது. ஒன்றும் வரவில்லை. போனதுதான் நிறைய.

இத்தாலியில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்து இருபது வருடம். கையில் இருப்பது பெர்மெசோ என்கிற தங்கும் அனுமதி அட்டை. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம், வராத பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் நிற்கலாம். வோட்டுப் போட முடியாது. இலங்கையில் என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வன்னியில் எங்களைத் தேடி வீட்டுக்கு வந்த பட்டியல்கள் எல்லாம் வேறு வகை. (அதை இங்கே விட்டுவிடுவோம்.)

இப்படிப்பட்ட ஒருவனின் கையில் யாரோ ஒரு ஸ்மார்ட் போனைக் கொடுத்து, அதற்குள் அமெரிக்கத் தேர்தலையும் வைத்துவிட்டார்கள். விடிகாலையில் பொலிதேயாமா பக்கத்து அலுவலகங்களைத் துடைக்கப் போவேன். கை மொப்பைத் தள்ளும், காது அமெரிக்காவில் இருக்கும். மூன்றாம் மாடி வக்கீல் ஒரு நாள் பலெர்மோ மேயரைப் பற்றி ஏதோ கேட்டார். எனக்கு மேயரின் பெயரே வாயில் வரவில்லை. பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டிருந்தால், மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் படமே கீறிக் காட்டியிருப்பேன்.

அங்கே இரண்டு பெரிய கட்சிக்கும் நிறம்தான் அடையாளம், ஒன்று நீலம், மற்றது சிவப்பு. நான் நீலக் கட்சி. ஏன் என்று கேட்டால் அரை மணித்தியாலம் விளக்கம் சொல்வேன். உண்மைக் காரணம், என் மச்சான் சிவப்புக் கட்சி.

மச்சான் என்றால் என் மனைவி ரஞ்சியின் அண்ணன், அருளப்பு. பென்சில்வேனியாவில் ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர். ரஞ்சிக்கு அண்ணன் மட்டுமல்ல அவர். ஊரில் நடந்த போரில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் போன பிறகு, தங்கச்சியைத் தோளில் சுமந்துகொண்டு தண்ணீரைக் கடந்து வந்தவர். முகாமில் பிரிந்தவர்கள், அவர் ஒரு திசை, இவள் ஒரு திசை. இருபது வருடமாக அவர்கள் ஒருவரை ஒருவர் போன் திரையில்தான் பார்த்தார்கள்.

அந்த மனிதரோடுதான் நான் குடும்ப வாட்ஸப் குழுவில் போர் நடத்தினேன். முதலில் அந்தக் குழுவில் மாதா படமும் ரோசாப்பூவும் காலை வணக்கமும்தான் வந்தன. பிறகு மச்சான் ஒரு சிவப்பு வீடியோ போட்டார். நான் நீல வீடியோ ஒன்றைப் போட்டேன். அவர் இரண்டு போட்டார், நான் நாலு. லண்டனில் இருந்த சித்தப்பா தன் ஆபரேஷன் செய்தியை நடுவில் போட்டார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. (அவர் பிழைத்துவிட்டார். எங்களோடு பேசுவதில்லை.)

இந்த நிலையில்தான் என் மகள் கிளாராவுக்குக் கிரேசிமா வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் செய்யும் உறுதிபூசுதல் சடங்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகள் பதின்மூன்று, பதினாலில் முடித்துவிட, அவளுக்குப் பதினேழு ஆகியிருந்தது. மாமாதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று ரஞ்சி காத்திருந்ததுதான் காரணம். அவருக்கு லீவு கிடைத்தது ஒக்டோபரில். அமெரிக்காவில் தேர்தல் நவம்பரில்.

விமான நிலையத்துக்குப் போவதற்கு முதல் ரஞ்சி என்னைக் குசினியில் மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, அண்ணா நிக்கிற பத்து நாளும் அமெரிக்கா எண்ட சொல் உங்கட வாயாலை வரக்கூடாது."

"அவர் கதைச்சால்?"

"அவர் கதைச்சால் நீங்கள் சாப்பிடுங்கோ."

சத்தியம் செய்தேன். மச்சான் விமானத்தால் இறங்கும்போது சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். ரஞ்சி அவரைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர்கூடக் கண்ணைத் துடைத்தார். நான் மட்டும் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (அப்போதே என்னை யாராவது திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.)

எட்டு நாள் நான் சாப்பிட்டேன். அவர் கதைத்தார், நான் சாப்பிட்டேன். மூன்று கிலோ ஏறியது. கபோ சந்தைக்குக் கூட்டிப் போனால், கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "இப்ப அங்கை சாமான் விலை ஏன் ஏறினது தெரியுமோ, மச்சான்?" என்று தொடங்குவார். நான் அரான்சினா என்கிற பொரித்த சோற்றுருண்டை ஒன்றை வாங்கி வாய்க்குள் திணிப்பேன். அவருடைய மனைவி செல்வி அக்கா பக்கத்தில் பேசாமல் நடந்து வருவார். அவரைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

ஆனால் வாயைத்தான் கட்டினேன், மூளையைக் கட்டவில்லை. சத்தியம் சொல்லுக்குத்தானே, நிறத்துக்கு இல்லையே என்று அது யோசித்தது.

விருந்து மொண்டெல்லோவில். கோடையில் நான் பாத்திரம் கழுவும் கடற்கரை உணவகத்தின் முதலாளி, சீசன் முடிந்ததால் மண்டபத்தைத் தந்திருந்தார். அலங்காரம் என் பொறுப்பு. நான் எல்லாவற்றையும் நீலமாக்கினேன். நீல மேசைவிரிப்பு, நீலப் பலூன், நீலக் கிரீம் பூசிய மூன்றடுக்குக் கேக், வருபவர்களுக்குக் கொடுக்க நீலச் சர்க்கரைப் பாதாம். என் கழுத்தில் நீல டை.

கோயிலில் என் திட்டத்துக்கு முதல் அடி விழுந்தது. உறுதிபூசுதல் பரிசுத்த ஆவிக்குரிய நாள், அதன் நிறம் சிவப்பு. ஆயர் சிவப்பில் வந்தார், பீடம் சிவப்பு, பூவெல்லாம் சிவப்பு. மச்சான் சிவப்பு டையோடு கிளாராவின் தோளில் கை வைத்து நின்று, என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நான் திருச்சபையைச் சந்தேகித்த ஒரே நாள் அதுதான்.

இரண்டாவது அடி மண்டப வாசலில். இத்தாலியில் ஆண் குழந்தை பிறந்தால்தான் நீல அலங்காரம் செய்வார்கள். இருபது வருடம் இருந்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. எங்கள் மாடியில் இருக்கும் சிஞ்ஞோரா கொன்செத்தா வந்ததும் வராததுமாக ரஞ்சியை இறுக்கி அணைத்து, "ஆண் பிள்ளையா! சொல்லவே இல்லையே! எங்கே, தூங்குகிறானா?" என்று தேடத் தொடங்கினார். உணவக முதலாளி என் கையைக் குலுக்கி, "இந்த வயதிலுமா, அந்தோனியோ!" என்று கண்ணடித்தார். நாற்பத்துமூன்று வயது ரஞ்சி, சேலைத் தலைப்பை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று விளக்கிக்கொண்டு நின்றாள்.

மச்சான் சுற்றிப் பார்த்தார். "என்ன மச்சான், எல்லாம் நீலமாக் கிடக்கு?"

"மொண்டெல்லோ எல்லோ. கடல் நிறம்."

"கடல் நிறமோ?" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. வாட்ஸப்பில் மூன்று வருடம் சண்டை பிடித்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கும்.

நன்றியுரை சொல்ல எனக்கு மைக் தந்தார்கள். பங்குச் சாமியாருக்கு நன்றி, முதலாளிக்கு நன்றி. பிறகு ஞானத்தகப்பன். அந்த இடத்தில் நின்றிருந்தால் நான் இன்றைக்கு மரியாதையான மனிதன்.

"பென்சில்வேனியாவிலை இருந்து வந்த மச்சானுக்கும் நன்றி. தான் உள்ளை போன கையோடை கதவைப் பூட்டச் சொல்லுற கட்சியிலை நிண்டாலும், எங்கட கதவு அவருக்கு எப்பவும் திறந்திருக்கும்."

தமிழ் மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. மச்சான் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தார்.

"நான் வரிசையிலை நிண்டு, எட்டு வருசம் காத்திருந்து, சட்டப்படி குடியுரிமை எடுத்தனான். வோட்டில்லாத ஆக்கள் எனக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை."

நான் மைக்கைப் பறித்தேன். "வரிசையோ? ஏஜென்சிக்காரன் களவாக் கொண்டந்து இறக்கின கதை எனக்குத் தெரியாதோ?"

அவர் பறித்தார். "உம்மட நீலம் ஆட்சியிலை இருக்கேக்கை எங்களுக்கு என்ன கிழிச்சது?"

எங்கள் தமிழ் விளங்காத இத்தாலியர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனும் ஞானத்தகப்பனும் மாறி மாறி மைக்கில் முழங்குவது எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஒவ்வொரு சுற்று முடியவும் கை தட்டினார்கள். சாமியார் எழுந்து நின்று தட்டினார். சிஞ்ஞோரா கொன்செத்தா கண்ணீரோடு "எவ்வளவு அழகு!" என்றார். கைதட்டல் கிடைத்தால் அரசியல்வாதிக்கு என்ன நடக்குமோ, அதுதான் எங்கள் இருவருக்கும் நடந்தது. குரல் உயர்ந்தது, கை நீண்டது. நான் சிவப்புக்கு வோட்டுப் போடுகிறவர்களை மூளை இல்லாதவர்கள் என்றேன். அவர் நீலத்துக்குப் போடுகிறவர்களை நாட்டை விற்கிறவர்கள் என்றார். "உங்கட ஒரு வோட்டாலை உலகம் நாசமாப் போகப்போகுது!" என்று நான் கத்தியபோது, செல்வி அக்கா எழுந்தார். வந்த நாளிலிருந்து அவர் சத்தமாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அந்தோனி, எந்த வோட்டைச் சொல்லுறீர்? இவர் ஒருநாளும் வோட்டுப் போட்டதில்லை. பெயரே பதியேல்ல."

எனக்கு விளங்கவில்லை. மச்சானைப் பார்த்தேன்.

"அது... செவ்வாய்க்கிழமை எல்லோ வைக்கிறவங்கள்," என்றார் மச்சான். மைக் இன்னும் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. "எனக்கு வேலை நாள்."

மூன்று வருடம், ஆயிரம் வீடியோ. எந்த மாவட்டம் சாயும் என்று நான் இரவல் நாட்டுக் கணக்கைக் கரைத்துக் குடித்தது, இந்த மனிதரின் ஒரு வோட்டைத் திருப்பத்தான். அந்த வோட்டே இல்லை! எனக்கு அது கிடைத்தால் காய்ச்சலோடும் போய்ப் போட்டிருப்பேன். கிடைத்தவர் வேலை நாள் என்கிறார். வாய்க்குள் வேப்பங்காயை நசித்ததுபோல இருந்தது.

"அப்ப நீங்கள், அக்கா?"

"நான் ஒவ்வொரு முறையும் போறனான். ஆருக்கெண்டு இவருக்கும் சொன்னதில்லை, உமக்கும் சொல்லமாட்டன்," என்றுவிட்டு அவர் உட்கார்ந்தார். இத்தாலியர்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் ரஞ்சி வந்தாள். மைக்கைக் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"நாங்கள் பங்கருக்குள்ளை கிடக்கேக்கை சிவப்பும் வரேல்ல, நீலமும் வரேல்ல. அண்ணாதான் வந்தவன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இருபது வருசம் காத்திருந்தனான். பத்து நாள்தானே கேட்டனான்?"

பின்னால் கிளாரா கேக் வெட்டும் கத்தியோடு தனியே நின்றாள். எங்களைக் கூப்பிடாமல் தானே வெட்டினாள். நீலக் கிரீம் எல்லோருடைய பல்லிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. அந்த நாளின் படங்கள் எல்லாவற்றிலும் விருந்தாளிகள் நஞ்சு குடித்தவர்கள் போலவே சிரிக்கிறார்கள்.

மச்சான் அடுத்த நாள் போக வேண்டியவர்தான், போனார். நான் வாசல் வரை போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அவர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். "தங்கச்சியைப் பாத்துக்கொள்ளும்," என்றார், அவ்வளவுதான். அண்ணனும் தங்கச்சியும் இப்போது கதைக்கிறார்கள். நான் அறைக்குள் வந்தால் ரஞ்சி போனை மற்றப் பக்கம் திருப்புவாள். குடும்பக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

தேர்தல் முடிவு வந்த காலையில் நான் பொலிதேயாமாவில் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வென்றவரும் எனக்குப் போன் எடுக்கவில்லை, தோற்றவரும் எடுக்கவில்லை. படிக்கட்டு வழக்கம்போல ஊத்தையாக இருந்தது.

இனித்தான் எனக்குக் கிடைத்த தண்டனை. கிளாரா இங்கே பிறந்தவள். பதினெட்டானதும் இத்தாலியக் குடியுரிமை எடுத்தாள். இந்த வருடம் அவளுக்கு முதல் வோட்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் வோட்டு! ஞாயிறு காலையில் நான் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் துவாயும் பையுமாக வந்தாள்.

"எங்கை பிள்ளை?"

"மாரே, அப்பா. கடலுக்கு."

"வோட்டு?"

"என்ர கிரேசிமாவை மறந்திட்டீங்களோ? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயித்தைப் பிரட்டும்." அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மட்டும் அந்தச் சேர்ட்டோடு வாக்களிக்கும் பள்ளிக்கூடம் வரை நடந்தேன். ஆட்கள் மிகக் குறைவு. வாசலில் நின்ற பொலிஸ்காரர், "வோட்டுப் போடவா?" என்று கேட்டார். "இல்லை, பார்க்க வந்தேன்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதவருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நானும் இருந்து பார்த்தேன்.

இதை வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். இப்போது நான் பாண் வாங்கக் கதவைத் திறந்தாலும், குசினிக்குள் இருந்து ரஞ்சியின் குரல் வரும்:

"போடவோ போறியள், பாக்கவோ?"