திண்டிவனத்து ராஜாவின் ஒரே தாவல்

தேசியச் சதுரங்கச் சாம்பியனுடன் நான் ஒரு முறை ஆடியிருக்கிறேன். இந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு மரியாதை. நிறுத்தும் வழக்கம்தான் எனக்குக் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். மத்தியானம் மூட்டைமேல் பலகையை வைத்து ஆடுவோம். எடை போடுகிறவர், லாரி டிரைவர், முதலாளியின் மச்சான் என்று ஆட்டம் தெரிந்த அத்தனை பேரையும் ஜெயித்துவிட்டேன். ஆகவே திண்டிவனத்துச் சாம்பியன் நான்தான். (மீதி ஊரை யாரும் கேட்கவில்லை.)

விழுப்புரத்தில் என் தாய்மாமனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சதுரங்கம், இன்னொன்று மகள் கமலா. கமலாவை எனக்குக் கேட்டு அம்மா ஒரு வருடமாகத் தூது விட்டும் மாமா பிடிகொடுக்கவில்லை. அப்போதுதான், சாம்பியன் விழுப்புரம் வந்து பள்ளிக்கூட ஹாலில் ஒரே சமயத்தில் இருபது பேரோடு ஆடப்போவதாகச் செய்தி வந்தது. மாமா என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"நீ ஜெயிக்க வாணாம்டா. இருவது மூவ் தாக்குப்பிடி. அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம்."

"இருவது என்னா மாமா, டிராவே பண்ணிக் காட்றேன்."

(இதைச் சொன்னபோது எனக்கு ஜுரம்கூட இல்லை.)

சாம்பியன் ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். பலகை பலகையாக நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு விநாடி நின்று, காயை நகர்த்திவிட்டுப் போனார். எங்கள் மண்டியில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். அவர் எடுத்த எடுப்பிலேயே இரண்டு கட்டம் தள்ளினார். பெரிய மனுஷர், அவசரத்தில் இருக்கிறார் என்று பொறுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது மூவில் அவருடைய ராணி செக் சொன்னது. குதிரையைக் குறுக்கே வைத்துச் சமாளித்தேன். முதுகுக்குப் பின்னால் மாமா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு வந்தபோது என் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. இன்னும் மூன்று தாண்டினால் கமலா!

அந்தக் கணத்தில் எங்கள் ஊர் விதி ஞாபகம் வந்தது: ஆட்டத்துக்கு ஒரு தடவை ராஜா குதிரை மாதிரி தாவலாம். தாவினேன். 'டொக்'கென்று சத்தம் வருகிற மாதிரி வைத்தேன்.

பக்கத்துப் பலகையில் ஆடிய வளவனூர் வாத்தியார் திடுக்கிட்டார். "யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

"திண்டிவனம் ரூலுங்க. ஒங்களுக்குத் தெரியாது."

சாம்பியன் வந்தார். முதல்முறையாக இரண்டு விநாடிக்கு மேல் நின்றார். ஹாலே என் பலகையைச் சுற்றிக் கூடிவிட்டது.

"இந்தத் தாவலைப் பாத்து எவ்ளோ வருஷமாச்சு!" என்றார் சிரித்தபடி. "சின்ன வயசுல நானும் இப்படித்தான் ஆடுவேன்."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

"ஆனா தம்பி, ஒரு தடவைகூட செக் வாங்காத ராஜாதானே தாவலாம்? உங்க ராஜா அப்பவே வாங்கிட்டாரே."

உலக விதிப்படி சாம்பியனிடம் தோற்க யாராலும் முடியும். திண்டிவனம் விதிப்படியும் தோற்க நான் ஒருவன்தான் பிறந்திருந்தேன். ராஜாவை அவரே மெதுவாகப் பழைய கட்டத்தில் வைத்தார். பதினெட்டாவது மூவில் எல்லாம் முடிந்தது. மாமாவின் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றன.

வீடு வந்ததும் மாமா கமலாவிடம் வெடித்தார். "இவனுக்கு இவன் ஊரு ரூலே தெரியலம்மா! செக் வாங்கின ராஜாவத் தூக்கிக்கினு தாவுறான்! மானம் போச்சு!"

கமலா முழுக் கதையையும் கேட்டாள். என் கையில் தண்ணிச் சொம்பைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"தாவத் தெரியாத ராஜாதாம்ப்பா நல்லது. ஊட்டோட கெடப்பாரு."

தை மாதம் தாம்பூலம் மாற்றினார்கள்.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது வேலை காத்திருக்கும் நேரம் பார்த்து நான் நைசாகச் செருப்பை மாட்டினால், சமையலறையிலிருந்து குரல் வரும்: "செக் வாங்கியாச்சுங்க!" சதுரங்கப் பலகையைத் தொட்டே பார்க்காத பேத்தியும் கூடச் சேர்ந்து கத்துகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, முருங்கைக்கீரையை ஆய்கிறேன். இப்போது எனக்கு விதி முழுசாக மனப்பாடம்.