உங்கள் விமானத்தைக் காக்க வைத்தவள் என் மகள்தான்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும், விமான நிலையத்தில் உட்கார்ந்து வீங்கிப்போன உங்கள் கால்களும் நலமாக இருக்க வேண்டும். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நீங்கள் போனில் கத்தியதற்கெல்லாம் இதில் பதில் எழுதுகிறேன். துக்கத்துக்கு வந்து திரும்பிய மனுஷனைப் பாதி நாள் பட்டினி போட்டு உட்கார வைத்துவிட்டாள் என்றீர்கள். "உன் மகளுக்குத் தூக்கம் வந்தா ஊரே முழிச்சுட்டு உட்காரணுமா?" என்று கேட்டீர்கள். அவள் வேலை நேரத்தில் தூங்கினாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. பெண்ணுக்குச் சத்து மாத்திரை வாங்கிக் கொடு என்று சின்ன அத்தை எனக்குப் போன் போடுகிறார்.

அண்ணா, நடந்தது இதுதான். விமானங்களுக்கு ஏறு, இறங்கு, பொறு என்று விமான நிலையக் கோபுரத்தில் இருந்து சொல்வது அவள் வேலை. அங்கே யார் எதைச் சொன்னாலும் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேட்டதாக அர்த்தம். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டு, "தக்காளி செங்காய், வெங்காயம் சின்னது, எங்கே திருப்பிச் சொல்லுங்க" என்று காய்கறிக்காரரிடம் கேட்டேன், அவர் இப்போது எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை, அது கிடக்கட்டும். நீங்கள் கிளம்பிய அன்றைக்கு அவள் வேலைக்குப் போய், முந்தின ஷிப்ட் முடிந்து எழுந்து போகிறவர் சொன்ன விவரத்தைத் திருப்பிச் சொல்லும்போது ஓர் எண் மாறிவிட்டதாம். அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். இவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காராமல் நேரே மேலதிகாரியிடம் போய், "சார், அப்பா போனதுல இருந்து தூக்கமே இல்ல. இன்னைக்கு என்னை இங்க உட்கார வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஓர் ஆள் குறைந்ததால் விமானங்களை இடைவெளி விட்டு அனுப்பினார்கள். அதில் ஒன்றில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அவள் தூங்கவில்லை அண்ணா, தூங்காததைச் சொன்னாள்.

அவள் அப்பா, உங்கள் மாப்பிள்ளை, பஸ் ஓட்டிய காலத்தில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு விடிய விடிய ஓட்டுவார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் பெருமைப்பட்டோம். எதிரே வந்தவர்கள் செய்த புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சலில் படுத்துத்தான் போனார். "முடியல" என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கே வராத தைரியம் இவளுக்கு வந்திருக்கிறது. பெற்ற வயிறு குளிர்ந்துபோச்சு.

அடுத்தது உங்கள் இரண்டாவது புகார். பெட்டியைத் திறந்தால் உங்கள் சட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவருடைய சட்டை என்றீர்கள். அடுக்கினது நான்தான். அவர் வெளியூர் வண்டிக்குப் போகும்போது அடுக்கிக் கொடுப்பேனே, அதே மாதிரி கை போய்விட்டது. கண்ணைத் திறந்துகொண்டுதான் அடுக்கினேன். "கண்ணு தொறந்திருந்தா முழிச்சிருக்கோம்னு அர்த்தமாம்மா?" என்று மகள் கேட்கிறாள். என் கையில் மாறினது சட்டை. அவள் வாயில் எண் மாறியிருந்தால்? அந்த விமானத்தில் நீங்கள் அல்லவா உட்கார்ந்திருப்பீர்கள்.

சட்டைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப் பக்கம் பிடித்தால் அண்ணி பிரித்துத் தைத்துத் தருவார். கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, அவள் தூங்கவில்லை, தூங்காததைச் சொன்னாள் என்று எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு அதையே சின்ன அத்தையிடமும் சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கிற உங்கள் தங்கை

பி.கு.: முகவரி சரியா என்று பார்க்கச் சொல்லி உறையை மகளிடம் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். "நீ தூங்கவே இல்லையாம்மா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். மேலே நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள். இந்த நாலு வரிக்கு மட்டும்தான் பேனா தந்திருக்கிறாள், நான் படுத்து எழுந்த பிறகுதான் இது தபாலில் போகுமாம். ஆகவே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால், உங்கள் தங்கை தூங்கிவிட்டாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.