நாற்பத்திரண்டு இஞ்ச் சந்தேகம்

தாராவியில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் பெல்ட் பாய்தான். அவருக்கு எல்லோரும் இடுப்பளவுதான். நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள அவருடைய பெல்ட் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்தால், "அந்தா போறான் பாரும், முப்பத்தாறு. ஊருக்குப் போயிட்டு முப்பத்தெட்டா வந்திருக்கான்" என்பார். தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, மாலை போட்டுவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்தார். "முப்பத்தி நாலு. கடைசி வரைக்கும் ஒரு ஓட்டை மாறலவே. அப்படி ஒழுக்கமான மனுசன்."

நான் நாற்பத்திரண்டு.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் மனைவி செல்வி புடவை கேட்கவில்லை. கடல் கழிமுகத்தில் படகில் போய் ஃபிளமிங்கோ பார்க்க வேண்டும் என்றாள். டிராம்பேயில் தெரிந்த படகுக்காரர் இருக்கிறார் என்று பெல்ட் பாய் ஏற்பாடு செய்தார். அதோடு நில்லாமல் தானும் வருவதாகச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி போகிற படகில் இவருக்கு என்ன வேலை? என் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, தாமிரபரணியை ஒரே மூச்சில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவேன் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் வாளித் தண்ணீரில் குளிக்கும்போதே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்கிற ஆள். கால் நூற்றாண்டாகக் காப்பாற்றிய மானம் அன்று காலை என்னோடு படகில் ஏறியது.

படகுத்துறையில் பாய் ஒரு சாக்குமூட்டையோடு நின்றார். படகுக்காரரிடம் பம்பாய் இந்தியில் கிசுகிசுத்தார். என் காதில் விழுந்ததன் சாரம் இதுதான்: "ஆள் கனம். உள்ளே போனால் லேசில் தூக்க முடியாது. அதனால் இரண்டாகக் கட்டியிருக்கிறேன்." செல்வி அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். என் இன்ஷூரன்ஸ் பாலிசியில் நாமினி யார் என்று யோசித்தேன். அவள்தான்.

லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். செல்விக்குக் கச்சிதமாக இருந்தது. எனக்கு வயிற்றுக்கு முன்னால் இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியவில்லை.

"அது முப்பத்தெட்டுக்கு மேல பூட்டாதுவே" என்று பாய் மூட்டையை அவிழ்த்தார். இரண்டு காலி எண்ணெய் கேன்கள். வாயைப் பட்டறைப் பசையால் அடைத்து, புத்தம்புது தோல் பெல்ட்டில் கோத்திருந்தார். அதை என் இடுப்பில் மாட்டி முதுகுப்பக்கம் இறுக்கினார்.

"எதுக்கு பாய் இது?"

"தங்கச்சி, அண்ணாச்சிக்கு முதுகுவலில்லா. சப்போர்ட்டுக்கு" என்றார், செல்வியைப் பார்த்து.

எனக்கு முதுகுவலி கிடையாது. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிற மனிதர் வேறு எதையும் செய்வார். கேனுக்குள் தண்ணீர் புகுந்தால் படகுக்கு நங்கூரம் நான்தான்.

கழிமுகத்தின் நடுவில் படகுக்காரர் சட்டென்று என்ஜினை நிறுத்தினார். படகு ஆடியது. பாய் என் பெல்ட்டை எட்டிப் பிடித்தார். தள்ளப்போகிறார் என்று முடிவு செய்தேன். சாகும்போதாவது உண்மை பேசலாம் என்று தோன்றியது.

"செல்வி, எனக்கு நீச்சல் தெரியாது."

அவள் போன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். ஆடாம இருங்க, படம் கலங்குது."

"தெரியுமா?"

"கல்யாணமாகி மறுமாசம் குத்தாலத்துல, அருவிக்குப் பத்தடி முன்னாலயே கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னீங்கள்லா. அன்னைக்கே தெரியும். பாய் அண்ணன்ட்ட போன வாரம்தான் சொன்னேன். எங்க ஊர்க் கெணத்துல பிள்ளைகளுக்கு இப்படித்தான் கேன் கட்டி நீச்சல் பழக்குவாங்க. ஒரு வாரமா அவரு கேன தண்ணித் தொட்டியில முக்கி முக்கிப் பாத்திருக்காரு. என்ஜின நிறுத்துனது பறவை மெரளக் கூடாதுன்னு."

பாய் பறவைகளை எண்ணுகிறவர்போல வேறு பக்கம் பார்த்தார். கை மட்டும் என் பெல்ட்டை விடவில்லை.

"அவளுக்குத்தான் தெரியுமே. பொறவு எதுக்கு பாய் முதுகுவலின்னீரு?"

"தங்கச்சி தெரிஞ்சும் இத்தன வருசம் காட்டிக்கிடல. நான் ஒரு நாள்ல ஒம்ம மானத்த அவுக்கவா? நான் பெல்ட்டு மாட்டுத ஆளுவே."

அதற்குப் பிறகுதான் ஃபிளமிங்கோக்களைப் பார்த்தேன். சேற்றில் ஒற்றைக்காலில், எந்தச் சந்தேகமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

கேன்களைக் கழற்றிவிட்டு அந்த பெல்ட்டைத்தான் இன்றும் போடுகிறேன். ஒருநாள் அதை உற்றுப் பார்த்தேன். நாற்பத்திரண்டுக்கு அப்பால் இன்னும் மூன்று ஓட்டைகள் போட்டிருந்தார். டாக்டர் முதல் நான் வரை எல்லோருக்கும் என் ஆயுள்மேல் சந்தேகம் உண்டு. நான் இன்னும் ரொம்ப வருஷம் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, நாற்பத்தைந்து வரை போவேன் என்று நம்பித் துளை போட்டவர் அவர் ஒருவர்தான்.