ஒரு செக்கனும் பிழைக்காத மயூரதன்

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை என்று சாமியோடு ஒப்பந்தம் பேசி, சிவப்பு வந்ததும் தலையைச் சொறிந்து, இன்னொருக்கால் பார்ப்போம் என்று ஐயரிடம் இழுத்து, வெள்ளை வருமட்டும் விடாமல் எடுத்து, வந்ததும் சாமியே சொல்லிப்போட்டுது என்று கண்கலங்கி வீட்டுக்குப் போகிற இனம். அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க மாட்டார்கள். அதைத் தம்மை விட்டுப் போகவும் விடமாட்டார்கள். அதிர்ஷ்டம் திருத்துவோர் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். நீர்வேலி மயூரதன் இதில் முதல்தரம்.

மயூரதன் பூவோடு மினக்கெடுகிறவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவன். முப்பது தாண்டியும் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவன். புல்லுக்குள்ளும் குகைக்குள்ளும் ஒளிந்திருக்கும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு அது. எந்தப் பிராணி என்ன நிறத்தில், என்ன குணத்தோடு வரும் என்பது எழுமாறு, ஒருவரும் முன்கூட்டிச் சொல்லேலாது. ஆயிரக்கணக்கில் ஒன்றுதான் பொன்னிறத்தில் மின்னிக்கொண்டு வரும். அதற்காகச் சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்காகப் புல்லுக்குள் அலையும். மயூரதன் அலைவானா? கருவி சீட்டுக் குலுக்குவதுபோல நடிக்கிறதே தவிர, உண்மையில் தன் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எண்ணை எடுக்கிறது என்பதை அவன் அறிந்து வைத்திருந்தான். ஆகவே அந்த மணிக்கூட்டைத் தனக்கு வேண்டிய நாளுக்கும் நேரத்துக்கும் திருப்பி வைத்து, மூச்சைப் பிடித்து, குறித்த செக்கனில் பொத்தானை அழுத்துவான். பொன்னிறப் பிராணி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். தவறினால் சேமிக்காமல் நிற்பாட்டிவிட்டு, மணிக்கூட்டைத் திரும்பவும் பின்னால் தள்ளி, இன்னொருக்கால். இதில் களவு எங்கே இருக்கிறது? எல்லாம் கணக்கு என்பான்.

அப்படியானால் பிறக்கிற நேரத்தை வைத்துத்தான் அதுகளின் நிறமும் குணமுமோ என்று தாய் கனகாம்பிகை ஒருநாள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். ஓம் என்றான். அப்ப அது சாதகம்தானே என்றார் தாய். மயூரதனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சாதகம் மூடநம்பிக்கையாம், இது விஞ்ஞானமாம். மத்தியானம் சோறே வேண்டாம் என்று எழும்பிப் போனவன், மீன்குழம்பு மணத்ததும் திரும்பி வந்தான்.

நல்லநேரம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தகப்பன் பஞ்சலிங்கம் வாழைக்குட்டி நட நாள் பார்த்தால் சிரிப்பான். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று பெரியப்பாமார் சண்டை பிடித்தால், இரண்டையும் அடுப்புக்குள் வையுங்கோ என்பான். ஆனால் அவன் பொத்தானை அழுத்தப் போகும்போது வீட்டில் ஒருவரும் தும்மக் கூடாது. கதவு கிரீச்சிடக் கூடாது. ஒரு செக்கன் பிந்திவிட்டால் பொழுதுபடுமட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான்.

இவனுக்குக் கலியாணம் பேசினார்கள். இவனுடைய சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் இல்லை. பெண்ணுக்கும் இருக்கக் கூடாது. வந்த சம்பந்தமெல்லாம் அதிலேயே குழம்பின. கடைசியில் உடுவிலில் இருந்து கீர்த்திகாவின் சாதகம் வந்தது. மருந்தாளராக வேலை; செவ்வாய் இல்லை; பொருத்தமோ அந்தமாதிரித் திறம். மயூரதன் வழக்கம்போல ஏளனமாகச் சிரித்தான். பிறகு அவளோடு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினான். அவன் பிராணி பிடிக்கும் வித்தையை விளக்கியபோது அவள் கொட்டாவி விடாமல் கேட்டாள், இடையில் குறுக்குக் கேள்வியும் கேட்டாள். ஆள் விழுந்துவிட்டான். இந்தக் கலியாணம் குழம்பினால் தான் உயிரோடு இருந்தும் பயனில்லை என்று அந்த விஞ்ஞானிக்குத் தோன்றத் தொடங்கியது.

பொன்னுருக்கு நாள் வந்தது. திங்கட்கிழமை காலை, இராகுகாலம் கழிந்து ஒன்பது மணி தாண்டியதும் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்க வேண்டும். கும்பம் வைத்தாயிற்று. பொன் உருக்கும் பத்தர் உமியும் கரியும் குறடுமாக நேரத்தோடு வந்து குந்திவிட்டார். சுவர் மணிக்கூடு எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கப் பஞ்சலிங்கமே ஓடவிட்டது. பெரியப்பாவின் கைக்கடிகாரமோ அவரைப் போலவே ஆறுதலாக, பிந்தித்தான் நடக்கும். போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் படம் காட்ட அதை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பஞ்சலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்த மகனின் கருவி கண்ணில் பட்டது.

"தம்பியின்ரை உந்தப் பெட்டி ஒரு செக்கனும் பிழைக்காது. உதிலை ஒன்பது தாண்டிட்டுது. பத்தர், தொடங்குங்கோ."

பட்டு வேட்டியோடு கும்பத்துக்கு முன்னால் இருந்த மயூரதன் திடுக்கிட்டு மேசைப் பக்கம் திரும்பினான். விடிய எழும்பி, குளிக்கப் போகுமுன், ஒரு பொன்னிறப் பிராணிக்காக அந்த மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைத்தவன் அவன்தான். உண்மையில் இன்னும் இராகுகாலம். வாயைத் திறந்தால் போதும், நிற்பாட்டலாம். ஆனால் என்ன சொல்லி நிற்பாட்டுவது? "அப்பா, பொறுங்கோ, இராகுகாலம்" என்றா? பெரியப்பாமாரின் முன்னாலா? பஞ்சாங்கத்தை அடுப்புக்குள் வைக்கச் சொன்ன வாயாலா? அவன் கும்பத்துப் பக்கம் திரும்பி நிமிர்ந்து இருந்துகொண்டான். பொன் உருகியது. எல்லாம் முடிந்து தட்டத்தில் பொன்னைச் சபைக்குக் காட்டும்போது பெண்ணின் மாமன் வந்திறங்கி, பிந்திப்போச்சு, குறை நினைக்காதையுங்கோ என்று நெளிந்தார். மனிசன் உண்மையில் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்திருந்தார்.

அன்று பின்னேரம் மயூரதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இராகுகாலம் பொய் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். பொய்தான். ஆனால் பெண் வீட்டுக்குத் தெரிந்தால்? தெரியாமலே விட்டு, நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? சேமிக்காமல் நிற்பாட்டித் திரும்பத் தொடங்க, உருகிய பொன் சம்மதிக்குமா? பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக் கூடாது என்பதால், வாழைத் தோட்டத்துக்குள் போய் நின்று அவளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் வழக்கம்போலக் குறுக்குக் கேள்வி கேட்டாள்.

"உங்களுக்குத்தானே உதிலை நம்பிக்கை இல்லை?"

"எனக்கு இல்லை. உம்மடை ஆக்கள் குழப்பினாலும் எண்டு..."

"அப்ப நானும் ஒண்டு சொல்லுறன். சாதகத்திலை இருக்கிற நேரத்திலை நான் பிறக்கேல்லை. உண்மை நேரத்துக்கு எட்டாம் வீட்டிலை செவ்வாய், குற்றம்தான். அப்பா நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதுவிச்சவர். உங்கடை பிராணிக்குச் செய்யிற அதே வேலைதான்."

மயூரதன் வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டான். சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

"உண்மை நேரம் என்ன?"

"அது ஏன் உங்களுக்கு?"

"சும்மா கேட்டனான்."

"கணக்குப் பார்க்க வெளிக்கிட்டால், வேறை பொம்பிளை பாருங்கோ."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் என்ன இழப்பான் என்று அவனுக்குத் தெரியும்.

கலியாணம் குறித்தபடி நடந்தது. மேளம் கெட்டிமேளமாக, ஐயர் தாலியை நீட்ட, சபை முழுவதும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்த ஒரேயொரு ஆள் மாப்பிள்ளை. அதுவும் மண்டபத்து மணிக்கூட்டை நம்பாமல், பட்டு வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்த போனை. முடிச்சுப் போட்ட பிறகும் அவன் கண் அங்கேயே கிடந்ததைக் கண்ட கீர்த்திகா, குனிந்த தலை நிமிராமல் மெல்லச் சொன்னாள்:

"சேமிச்சாச்சு. இனி நிப்பாட்டேலாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டை ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கள். எத்தனை நிமிடம் முந்தி ஓடுகிறது, ஓடவிட்டது யார் என்று நாம் கேட்கப் போவதில்லை. கடைசியாகப் பூக்கட்டிப் பார்த்தபோது வெள்ளைப் பூ எத்தனையாம் தரம் வந்தது என்றும் கேட்கப் போவதில்லை. ஐயருக்கு ஞாபகம் இருக்கும்.