சிப்பாயின் தொப்பியும் சம்பந்தியின் சந்தேகமும்

பாகூர்
ஆடி மாதம், 1936

வில்லியனூர்ச் சம்பந்தி சுப்பராயலு அவர்களுக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் சிவப்பிரகாசத்தின் நமஸ்காரம். இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் கரும்பும் கறவைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை மடித்தபடி தாங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நடந்தத நடந்தபடி சொல்ற மனுசன் நம்ம பக்கத்துல ஒருத்தராவது இருக்காரா, வாத்தியாரே?" நான் இருக்கிறேன் என்றேன். அதை மெய்ப்பிக்கவே இக்கடிதம்.

என் மகன் குழந்தைவேல் சுங்கச் சிப்பாயை ஆற்றில் தள்ளிவிட்டுக் கள்ளச் சரக்கோடு ஓடியதாகக் கேள்விப்பட்டு, தங்கள் மகள் தனக்கொடியை வேறிடத்தில் கொடுக்க யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பையன் வாயால் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன். கடலூரில், அதாவது இங்கிலீஷ்காரன் எல்லையில், தங்கள் வீட்டுக்கென்று ஒரு பலாப்பழம் வாங்கி, இரு கையாலும் அணைத்துக்கொண்டு பெண்ணையாற்று மணலில் வந்தான். இக்கரையில் நம் பிரெஞ்சு சர்க்கார் சுங்கச்சாவடி. ஆடிக் காற்று சிப்பாயின் சிவப்புத் தொப்பியைத் தூக்கிப் போனது. அது உருள, சிப்பாய் ஓட, பையன் முந்திக்கொண்டு எடுத்தான். கை நிறையப் பழம், தொப்பியை எங்கே வைப்பான்? தலையில் வைத்தான். அவ்வளவுதான் விஷயம்.

தூரத்தில் வண்டியோட்டி வந்த சாமிக்கண்ணு கண்டது, தொப்பியோடு ஒருவன் முன்னே, வெறுந்தலையோடு சிப்பாய் பின்னே. எல்லையில் ஒருவன் ஓடினால் நம் ஜனங்களுக்கு அவன் கள்ளச் சரக்குக்காரன்தான், வயிறு கலங்கி ஓடினாலும் சரி. சந்தையில் என் காதாலேயே கேட்டேன்.

"சும்மாவாடா தொரத்துவான் சிப்பாயி?"

"மூட்ட இருந்திருக்கும்ணே."

"இப்ப அந்த மூட்ட எங்க?"

"ஆத்துல போட்டிருப்பான்."

மூட்டை விழுந்த ஆற்றில், பேச்சு வில்லியனூர் வருவதற்குள் சிப்பாயும் விழுந்துவிட்டார். ஆடியில் அங்கே கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. நல்லவாட்டுக் கடற்கரையில் முழ நீளத்தில் இறங்கும் மீன், பாகூர் வருவதற்குள் வாய்க்கு வாய் ஆள் நீளம் வளர்வதைத் தாங்கள் அறியாததல்ல. நடந்தது எப்போதும் ஓட்டைக் கூரைதான் சம்பந்தி. ஓட்டையைப் பார்த்துக்கொண்டு எவனும் சும்மா இருக்கமாட்டான், கைக்கு வந்த ஓலையைச் செருகிடுவான். அதுக்குப் போய் கல்யாணத்த நிறுத்தலாமா?

தனக்கொடிக்கு எங்கள் ஆசீர்வாதம். ஆவணி முகூர்த்தம் தங்கள் வாசலில் சிறப்பாய் நடக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சிவப்பிரகாசம்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரி அமுதம், "ரெண்டு கையிலயும் பழம் இருந்தா தொப்பிய எதால எடுத்தான், மூக்காலயா?" என்றாள். குழந்தைவேல், "இன்னா பழம்பா? கை சும்மாதான் இருந்துச்சு. கல்யாணத்துக்குத் தலப்பா கட்டுனா எப்படி இருப்பேன்னு போட்டுப் பாத்தேன். குடுடான்னாரு, வெளையாட்டுக்குக் கொஞ்சம் ஓடுனேன். குடுத்ததும் அவரே சிரிச்சுட்டாரு" என்கிறான். அந்தப் பழத்தை நான் எங்கே வாங்கினேனோ தெரியவில்லை. என் மகன் பிறர் தொப்பியைப் போடமாட்டானே என்று நினைத்தேன், பழம் தானே வந்து அவன் கையில் உட்கார்ந்துகொண்டது. சிப்பாய் தினமும் சாவடியில் காய்ந்த சட்டையோடுதான் நிற்கிறார். தாங்களே வண்டி கட்டி வந்து அவரைக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.