டெல்பர்ட்டின் நாற்காலியும் பதினான்கு உறைகளும்

அன்புள்ள தங்கை நெல்டாவுக்கு, உன் அக்கா ஆர்லின் ஓக்லஹோமாவிலிருந்து எழுதிக்கொண்டது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஆர்கன்சாவில் நீயும், உன் வீட்டுக்காரரும், என்னைக் கேட்காமல் நீ எடுத்துப்போன அம்மாவின் இரும்பு வாணலியும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே. உனக்கு அம்மை கண்ட வருஷம், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அதை நான் மறக்கவில்லை.

போன வாரம் போனில், "அக்கா, நானும் கைத்துப்பாக்கி வாங்கிட்டேன். வெளியே தெரியாம வச்சுக்க எந்த உறை சுகமா இருக்கும்?" என்று கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது. என்னைக் கேட்டது புத்தி. இந்தக் கோடையில் இதைப் பற்றி என் உடம்பு படித்த அளவுக்கு எந்தப் பட்டாளத்தானும் படித்திருக்க மாட்டான்.

எங்கள் சபையில் வாசலை ஒட்டின கடைசி நாற்காலி துப்பாக்கியோடு காவலுக்கு இருப்பவருக்கு உரியது. பன்னிரண்டு வருஷம் அதில் என் டெல்பர்ட்தான் கோட்டுக்குள்ளே உறையும் தானுமாக, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பெப்பர்மிண்ட் மிட்டாய் கொடுத்துக்கொண்டு, கல்லுச் சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியில் அவர் போனார். பூ வாடும் முன்னே அந்த நாற்காலி மேல் கண் வைத்தது யார்? இமோஜீன். 1974 திருவிழா ஜாம் போட்டியில், கடையில் வாங்கின பீச் ஜாமை ஜாடி மாற்றி வைத்து, என்னைத் தாண்டி முதல் பரிசு வாங்கினாளே, அதே இமோஜீன். அவள் என் புருஷன் நாற்காலியில் உட்காருவதை நான் பார்ப்பதா? காவல் குழுவுக்குத் தலைவர் ராய்ஸ், முன்னாள் போலீஸ்காரர். அவரிடம் போய் எனக்குத்தான் வேண்டும் என்றேன். அவர் தொப்பியைத் தள்ளிச் சொறிந்துகொண்டு, "ஆர்லினக்கா, சுடறது யாரும் சுடலாம். உட்கார்றதுதான் கஷ்டம். ஆராதனை முடியறவரை உறையைத் தொடக் கூடாது, நெளியக் கூடாது, துணிக்கு மேல தெரியக் கூடாது. மூணு ஞாயிறு தர்றேன். தேறலேன்னா இமோஜீனக்காவுக்கு" என்றார்.

முதல் ஞாயிறுக்குக் கடைக்குப் போனேன். தாடிக்காரப் பையன் ஒருத்தன், கால்சட்டைக்கு உள்பக்கமாகச் செருகும் உறையை எடுத்துக் காட்டி, "போட்டிருக்கறதே தெரியாதும்மா" என்றான். "தெரியாதுன்னா எதுக்குடா வாங்கணும்?" என்று கேட்டுவிட்டு வாங்கினேன். நெல்டா, இதெல்லாம் பெல்ட் கட்டுகிற ஆண்பிள்ளைகளுக்குச் செய்தது. நமக்கு இருப்பதோ இடுப்பு ரப்பர். ரப்பர் துப்பாக்கியைத் தாங்குமா? டெல்பர்ட்டின் பெல்ட்டை மேலே இறுக்கிக் கட்டினேன், துப்பாக்கிப் பிடி விலா எலும்பில் ஏறி உட்கார்ந்தது. பாட்டுக்கு எழுந்தபோது பிடி மேலே போச்சு, கால்சட்டை கீழே போச்சு. ஒரு கையால் பாட்டுப் புத்தகம், ஒரு கையால் மானம். "அய்யோ கர்த்தாவே!" என்று கத்திவிட்டேன். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதாக நினைத்துப் போதகர் "ஆமென்!" என்றார், சபை முழுக்க "ஆமென்!" என்றது. ராய்ஸ் மட்டும் சொல்லவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார்.

அப்புறம் கணுக்கால் உறை. அது சபை வரைக்கும் போகவில்லை, சமையலறையிலேயே தோற்றது. என் முழங்காலோடு குனிந்து எடுக்க நான்கு நிமிஷம், நிமிர ஏழு நிமிஷம். திருடன் வந்தால், "தம்பி, கொஞ்சம் கை கொடு, எழுந்துட்டு உன்னைச் சுடறேன்" என்று கேட்கவா? ரகசிய அறை வைத்த கைப்பையையும் வேண்டாம் என்றேன். மிட்டாய் இருக்கிறதா என்று ஊர்ப்பிள்ளையெல்லாம் கையை விடுகிற பை அது.

இரண்டாம் ஞாயிறு வயிற்றுப் பட்டை. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவது போல அகலமாகச் சுற்றி, ஓரத்தில் ஒட்டுகிற பட்டை. ஜூலை வெயில், சபையின் ஏசியோ அன்றைக்கென்று படுத்துவிட்டது. உள்ளே வேர்த்து, அரித்து, உயிர் போச்சு. தொடத்தானே கூடாது என்று சவ அடக்கக் கடைக்காரர் விளம்பரத்துக்குத் தந்த அட்டை விசிறியால் சொறிந்தேன். பதினோரு தடவை என்று ராய்ஸ் எண்ணியிருக்கிறார். அதுகூடப் போகட்டும். எல்லாரும் தலை குனிந்து மௌன ஜெபம் செய்கிறபோது நான் ஒரு பெருமூச்சு விட்டேன், பட்டை "பர்ர்ர்ர்" என்று பிரிந்தது. மௌனத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உனக்கே தெரியும். இமோஜீன் தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, வெளியே வரும்போது எல்லார் காதும் கேட்க, "ஆர்லின், மொச்சையைக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா, வயசாச்சில்ல" என்றாள். இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் வழியில்லாமல் டெல்பர்ட்டின் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். ஒன்று வாங்குவார், இரண்டு நாள் மாட்டுவார், பெட்டியில் போடுவார். "ஒரு துப்பாக்கிக்கு எத்தனை சட்டைய்யா?" என்று நான் திட்டாத நாளில்லை. எண்ணினேன், பதினான்கு. எனக்கு இப்போதுதான் புரிந்தது, அந்த மனுஷனுக்கும் விலா எலும்பு இருந்திருக்கிறது என்று. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய தோல் உறை ஒன்று, காது மாதிரி மெத்தென்று. உறைக்குள்ளே ஒட்டிக்கிடந்த பெப்பர்மிண்ட் மிட்டாயைச் சுரண்டிப் போட்டேன். உடம்பில் படுகிற பக்கத்துக்குக் கையாலேயே துணி வைத்துத் தைத்திருந்தார். என்ன துணி தெரியுமா? நீலப்பூ போட்ட என் இரவு உடை. 2011-இல் வான்கோழி விருந்துக்கு நீ வந்துபோன பிறகு காணாமல் போனதே, அது. உன்னைத் திருடி என்று ஒரு கல்யாணத்திலும் இரண்டு சாவிலும் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாணலி விஷயத்தில் மாற்றமில்லை.

சனிக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்து வீட்டைத் தலைகீழாக்கிப் போனார்கள். ஞாயிறு காலை அவசர அவசரமாக அந்த உறையை மாட்டி, மேலே டெல்பர்ட்டின் கோட்டைப் போட்டு ஓடினேன். நெல்டா, சொன்னால் நம்ப மாட்டாய். குத்தவில்லை, இறங்கவில்லை, அரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டேன், கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. ராய்ஸ் எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கி, "டெல்பர்ட் உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு அக்கா. நாற்காலி உங்களுதுதான்" என்றார். கொஞ்சம் அழுதேன். இமோஜீன் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஆகவே நீயும் பழகின தோல் உறையாகப் பார்த்து, உள்ளே பழைய துணி வைத்துத் தைத்துக்கொள். வேறெதுவும் வாங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும், முடிந்தால் உன் சமையலையும் காப்பாராக.

இப்படிக்கு,
மன்னிக்கத் தெரிந்த உன் அக்கா,
ஆர்லின்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு ரொட்டி சுட மாவு டப்பாவில் கையை விட்டேன். துப்பாக்கி உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பயந்து நான்தான் ஒளித்து வைத்தேன். ஞாயிறு நான் மாட்டிப் போனது வெறும் உறை. ஆகவே மேலே எழுதிய யோசனை எதையும் கேட்காதே. ராய்ஸிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அப்புறம் அந்த உறைக்குள் பெப்பர்மிண்ட் மிட்டாய் எப்படி வந்தது, பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷன் எப்படி அசையாமல் உட்கார்ந்தார் என்று யோசித்து, போனை வைத்துவிட்டேன். நீ வரும்போது வாணலியைக் கொண்டு வா. பெரிய பாக்கெட் பெப்பர்மிண்டும் ஒன்று வாங்கி வா, ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.